ஐயமும் வாக்கும்

ஒரு கட்சியை ஐயுறும் மக்களே அதன் தலைவரை நாட்டுக்குத் தலைவராக்குவது எங்ஙனம்? இலங்கை இதற்கு விடை கூறும்.

2019-இல் நூற்றுக்கு மூன்றளவே வாக்குப் பெற்ற அநுரகுமார திசாநாயக்கா, 2024-இல் 42 அளவு பெற்று, இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்டபின் குடியரசுத் தலைவரானார். அவர்தம் மக்கள் விடுதலை முன்னணி 1971-இலும் 1987–89-இலும் படைக்கலம் ஏந்திக் கிளர்ந்ததைச் சிங்கள மக்கள் மறந்தாரல்லர். ஆயினும், 2022-இல் நாடு கடன் திருப்ப இயலாது முடங்கியது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மாறிமாறி ஆண்ட கட்சிகளை அவ்வரிசையிலேயே அவர்கள் அளந்துவிட்டனர். பட்டறிந்த கேட்டினும் பட்டறியா ஐயமே மேலெனத் துணிந்தனர்.

தமிழர்தம் ஐயமோ வேறு. வடக்கு கிழக்கு இணைப்பை 2006-இல் உச்ச முறைமன்றில் வழக்காடிப் பிரித்தது அக்கட்சியே. ஆதலின் அவ்விரு நிலங்களும் அவருக்கு முதலிடம் தரவில்லை. இரு திங்கள் கழித்து நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், யாழ்ப்பாணத்தின் ஆறு இடங்களுள் மூன்று அவர் அணிக்குச் சென்றன. தம்முள் பிளவுண்ட தமிழ்க் கட்சிகள்மேல் கொண்ட சலிப்பே அங்கு வாக்காயிற்று.

வாக்கு ஒரு கைம்மாற்று. கொடுத்தவர்க்குக் கணக்குக் கேட்கும் கடமை உண்டு. படையினர் பிடித்த காணி, காணாமற்போனோர்க்கு விடை, மாகாண அவைத் தேர்தல்: இவற்றைக் கேளாது ஐயத்தைக் கைவிடுவோர், வாக்கோடு உரிமையையும் இழப்பர்.