மாத்திரை போட்டு நிறுத்தினாலும் அது நிறுத்தியதுதான்

ஓசூர் வட்டாரத்தில் குடியை விட நினைக்கும் ஒருவர் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது: "மாத்திரையில எல்லாம் குடி நிக்காது. மனசு வைக்கணும். முடியலையா, மூணு மாசம் சென்டர்ல போட்டுடணும்." சிப்காட் டீக்கடையில் கேட்டாலும் இதுதான் பதில், கிருஷ்ணகிரி பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டாலும் இதுதான். மறுவாழ்வு இல்லம் நடத்தும் சிலரும் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் பிரித்துப் பார்த்தால் இதில் எந்தப் பகுதியும் நிற்காது. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப் போடுகிறவர்கள் ஈரலையும் வேலையையும் இழந்துகொண்டிருக்கிறார்கள்.

மனசு வைத்தால் போதும் என்பதை முதலில் பார்ப்போம். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதுபோல் தெரியும், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் ஒரே நாளில் மூடியபோது, இப்படிப்பட்ட நிலையில் பெங்களூரு மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கானதை அங்குள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் சவர லோஷனைக் குடித்து மூன்று பேர் இறந்தார்கள். மதுவுக்குப் பழகிப்போன மூளை அது கிடைக்காதபோது என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். முதல் வாரத்துக்கு மருத்துவர் மேற்பார்வையில் அளவு குறைத்துக்கொண்டே வரும் அமைதி மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமினும் வேண்டும். அந்த வாரம் தாண்டிய பிறகு வருவதுதான் ஏக்கம். சம்பளம் ஏறிய சாயங்காலம், இரவு ஷிஃப்ட் முடிந்த காலை, வீட்டில் சண்டை நடந்த ராத்திரி என்று அது மாதக்கணக்கில் வந்து போகும்.

அந்த ஏக்கத்துக்கு மருந்து கொடுத்தால் "ஒரு போதையை விட்டு இன்னொரு போதை" என்கிறார்கள். ஏக்கத்துக்குத் தரப்படும் முக்கியமான இரண்டு மருந்துகளான நால்ட்ரெக்ஸோனும் அகாம்ப்ரோசேட்டும் போதை தருவதும் இல்லை, அடிமைப்படுத்துவதும் இல்லை. குடித்தவுடன் மூளையில் எழும் கிளர்ச்சியைத் தூண்டும் ஓபியாய்டு வாங்கிகளை நால்ட்ரெக்ஸோன் அடைத்துவிடுகிறது. ஒரு கட்டிங் போட்டவருக்கு அடுத்த குவார்ட்டர் வேண்டும் என்று உந்துகிற அந்த இழுப்பு தளர்கிறது. அகாம்ப்ரோசேட், குடியை விட்ட பிறகு நிலைகொள்ளாமல் தவிக்கும் மூளையைச் சமநிலைக்குக் கொண்டுவர உதவுகிறது. அமெரிக்காவில் மது நோய்க்கு முதலாவது 1994-லும் இரண்டாவது 2004-லும் அனுமதி பெற்றன. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நம் ஊரில் குடிக்கு மாத்திரை என்றாலே ஒரு பயம் இருக்கிறது. அதற்குக் காரணம் மூன்றாவது மருந்தான டைசல்பிரம். இதன் கதை தொழிற்சாலையில் தொடங்குகிறது. ரப்பர் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளவில்லை என்று 1937-இல் அமெரிக்க ஆலை மருத்துவர் ஒருவர் எழுதினார். 1940-களின் கடைசியில் டென்மார்க்கின் ஜென்ஸ் ஹால்ட், எரிக் ஜேக்கப்சன் இருவரும் அதே குடும்பத்து ரசாயனத்தைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். இதைப் போட்டிருப்பவர் குடித்தால், உடலில் மது முழுதாகச் செரியாமல் அசெட்டால்டிஹைடு என்ற நச்சாகத் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். இது ஏக்கத்தைக் குறைக்காது. குடிக்கப் பயப்பட வைக்கும், அவ்வளவுதான். விவரம் தெரிந்து, சம்மதித்து, தினமும் காலையில் மனைவியோ அம்மாவோ பார்க்கப் போட்டுக்கொள்பவருக்கு அது நல்ல மருந்து.

ஆனால் நடப்பது வேறு. "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்ற விளம்பரங்களைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்பிரம் மாத்திரையையே பொடித்துக் குழம்பில் கலக்கும் வீடுகளும் உண்டு. எதுவும் தெரியாத மனிதர் வழக்கம்போல் குடிக்கிறார். இதயக் கோளாறு இருந்தால் அங்கேயே சரிந்துவிடலாம். தப்பித்தால், அடுத்த நாளிலிருந்து மனைவி கையால் சாப்பிட மாட்டார். எந்த மாத்திரையையும் அதன் பிறகு நம்பவும் மாட்டார். கலந்து கொடுக்கும் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை. ஆனால் இந்த ஒரு மருந்தின் கெட்ட பெயரை எல்லா மருந்தின் தலையிலும் கட்டுவது அநியாயம்.

"போட்டுப் பார்த்தோம், கேட்கவில்லை" என்பது அடுத்த வாதம். 2023-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, 11 பேர் அகாம்ப்ரோசேட் எடுத்தால், மருந்தில்லாமல் மறுபடி குடித்திருக்கக்கூடிய ஒருவர் குடிக்காமல் இருக்கிறார். நால்ட்ரெக்ஸோன் எடுக்கும் 11 பேரில் ஒருவர் மிதமிஞ்சிய குடிக்குத் திரும்பாமல் தப்புகிறார். இது அற்புதம் இல்லை. ஆனால் குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டங்களின் பலன் எவ்வளவு என்று அதே கண்ணோடு பார்க்க வேண்டாமா? அப்படிக் கூட்டங்கள் நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் வழிமுறை பற்றி 2020-இல் வந்த காக்ரேன் ஆய்வில், அதில் சேர்ந்தவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் முழுதாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற ஆலோசனை முறைகளில் 35 சதவீதம். நல்ல பலன்தான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டுமே நூறு பேரில் கொஞ்சம் பேரைக் கூடுதலாகக் கரையேற்றுகின்றன. ஒன்றை உயிர்மருந்து என்றும் இன்னொன்றை ஏமாற்று என்றும் சொல்ல இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

கூட்டத்துக்குப் போகிறவர் மாத்திரை போடக் கூடாது என்பதும் அந்த இயக்கத்தின் கொள்கை இல்லை. மருந்து விஷயத்தில் உறுப்பினர் யாரும் மருத்துவராக மாறக் கூடாது என்று அதன் வெளியீடே சொல்கிறது. 1935-இல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், கடைசிக் காலத்தில் மருத்துவர் வின்சென்ட் டோலிடம், ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல் குடிக்கும் ஏக்கம் தணிக்க ஒரு மருந்து கண்டுபிடிக்கக் கேட்டுக்கொண்டார். டோல் பின்னாளில் எழுதியிருக்கும் செய்தி இது. கூட்டத்தில் வழிகாட்டும் உள்ளூர் ஸ்பான்சர் ஒருவர் "மாத்திரையை விட்டுட்டு வா" என்றால் அது அவருடைய சொந்தக் கருத்து.

இனி அந்த மூன்று மாத சென்டர். ஒப்பந்தத் தொழிலாளி மூன்று மாதம் உள்ளே இருந்தால் வெளியே வரும்போது அவர் இடத்தில் வேறு ஆள் நிற்பார். வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதுவரை காத்திருக்காது. வந்து நிற்கும் ஊரும் மாறியிருக்காது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. இந்தப் பக்கம் டாஸ்மாக் நண்பகல் 12 மணிக்குத்தான் திறக்கும்; அந்தப் பக்கம் கர்நாடகத் தனியார் கடைகள் அதற்கு முன்பே திறந்திருக்கும். திருவள்ளுவர் தினத்துக்கு இங்கே விடுமுறை, அங்கே இல்லை. 90 மில்லி பாக்கெட்டுகள் எல்லை தாண்டி வந்து பிடிபடுவது வாடிக்கையான செய்தி. கண்ணில் படாமல் ஒதுங்கிப் போவதற்கு இந்த எல்லையில் வழி குறைவு. உள்ளேயிருந்து ஏக்கத்தைத் தணிக்கும் ஒன்று சட்டைப்பையில் இருப்பது மற்ற ஊர்களைவிட இங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது.

மொழியையும் யோசிக்க வேண்டும். ஓசூர் ஆலைகளில் தமிழ், தெலுங்கு, கன்னடத்தோடு இந்தியும் ஒடியாவும் கேட்கும். பேச்சை நம்பியிருக்கும் கூட்டம் ஒடிசா இளைஞனுக்கு எட்டாமல் போகலாம். மாத்திரைக்கு அந்தத் தடை குறைவு.

எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019-இல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். எத்தனை இல்லம் கட்டினாலும் இந்தப் பள்ளத்தைப் படுக்கைகளால் நிரப்ப முடியாது. புறநோயாளிப் பிரிவில்தான் நிரப்ப வேண்டும், அதற்கு வழியும் இருக்கிறது. 2006-இல் வெளியான அமெரிக்காவின் கம்பைன் ஆய்வில் 1,383 பேர் பங்கேற்றார்கள். மருத்துவரோ செவிலியரோ அவ்வப்போது பார்த்து, மருந்தைச் சரியாகப் போடச் சொல்லி ஊக்கப்படுத்திய அளவிலேயே நால்ட்ரெக்ஸோன் பலன் தந்தது. அதே ஆய்வில் அகாம்ப்ரோசேட் தனித்த பலன் காட்டவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். கோவாவில் சங்காத் அமைப்பு, சிறப்புப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசனை தரச் செய்தது. 2017-இல் வந்த முடிவில், மூன்று மாதத்தில் குடிச்சிக்கலிலிருந்து மீண்டவர்கள் அந்த ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம், பெறாதவர்களில் 26 சதவீதம். பேச்சும் மருந்தும் ஒரே கட்டடத்தில், ஷிஃப்ட் முடிந்து வரும் நேரத்தில் கிடைப்பது நடக்காத காரியம் இல்லை.

எல்லாருக்கும் எல்லா மருந்தும் ஆகாது. மஞ்சள் காமாலையோ ஈரல் பழுதோ இருந்தால் நால்ட்ரெக்ஸோனை மருத்துவர் யோசித்துத்தான் தருவார். சிறுநீரகம் மோசமாகக் கெட்டிருந்தால் அகாம்ப்ரோசேட் கூடாது. கல் குவாரியில் அடிபட்டு டிரமடால் போன்ற வலிமாத்திரை எடுப்பவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நால்ட்ரெக்ஸோனோடு அது சேராது. முதல் நாளே ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.

நிம்ஹான்ஸ் இருக்கும் சாலைக்கு ஓசூர் ரோடு என்றுதான் பெயர். அங்கே போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது, ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள். எல்லை தாண்டிப் போக முடியாதவர், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் பேசலாம், கட்டணம் இல்லை. கேட்கும்போது "குடியை நிறுத்த மருந்து" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஏக்கம் குறைக்கும் மாத்திரை எனக்குப் பொருந்துமா, எத்தனை மாதம் எடுக்க வேண்டும், கூடவே வாரம் ஒரு நாள் எந்தக் கூட்டத்துக்குப் போகலாம் என்று மூன்றையும் ஒன்றாகக் கேளுங்கள்.