நடுவிரலை மடக்குங்கள்

மாவுக்கட்டைப் பிரித்த அன்று அவரிடம், "நடுவிரலை மட்டும் மடக்குங்க பார்க்கலாம்" என்றேன். நான்கு விரல்களும் சேர்ந்து அடிமூட்டில் குனிந்தன. "என்னம்மா இது, ஒண்ணைக் கூப்பிட்டா நாலும் வருது!" என்று பயந்தே போனார். டீக்கடைக்காரர். தொழுநோயால் விரல்கள் கொக்கிபோல் வளைந்து, கிளாஸ் பிடிக்க முடியாமல் வேலையை விட்டவர்.

முப்பது வருஷம் பிசியோதெரபிஸ்டாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். 'தொழுநோய்தான் ஒழிந்துவிட்டதே' என்று யாராவது சொன்னால் எரிச்சல் வரும். 2005இல் இந்தியா எட்டியது, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையைத்தான். அந்தக் குறைவுக்குள்ளும் கைகள் மடங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்தக் கிருமிக்குக் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும். முழங்கை இடித்தால் சுரீரென்று மின்சாரம் பாய்கிறதே, தோலை ஒட்டி ஓடும் அந்த நரம்பைத் தாக்கும். நரம்பு செத்தால் உள்ளங்கையின் குட்டித் தசைகளில் பல செத்துவிடும். ஆனால் முன்னங்கையின் பெரிய தசைகள் பெரும்பாலும் தப்பிவிடும். செங்கல்பட்டில் ஒரு நோயாளி கையைப் பிடித்து அழுத்தியபோது வலி தாங்காமல்தான் டாக்டர் பால் பிராண்டுக்கு இது உறைத்தது. 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். மடங்கிய கைக்குள் இவ்வளவு பலம் இருந்தால் அதை ஏன் இடம் மாற்றக்கூடாது என்று யோசித்தார். 1948இல் வேலூர் சி.எம்.சி.யில் முதல் அறுவை சிகிச்சை நடந்தது.

இதில் ஒரு முறை இப்படி. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநார்கள் உண்டு. நடுவிரலில் ஒன்றைக் கடன் வாங்கலாம். அதை நான்காகக் கிழித்து, உள்ளங்கை வழியாக நான்கு விரல்களிலும் தைப்பார்கள். மூன்று வாரம் கட்டு. அதன்பிறகு எங்கள் வேலை. நடுவிரலுக்கு மட்டும் உழைத்த தசை இனி நான்குக்கும் உழைக்க வேண்டும். இது மூளைக்குத் தெரியாதே! சோற்றைப் பிசைவது, பொத்தான் போடுவது, சீட்டைப் புரட்டுவது என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டும். கத்தி வேலை பாதிதான் என்று நான் சொன்னால் சர்ஜன்கள் சிரிப்பார்கள், மறுக்க மாட்டார்கள்.

டீக்கடைக்காரரை முதலில் பார்த்த ஒரு பெரிய மருத்துவமனையின் இளம் டாக்டர், 'மருந்து முடிஞ்சிடுச்சு, கைக்கு இனி ஒண்ணும் பண்ண முடியாது' என்று அனுப்பிவிட்டாராம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் இதைக் காட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அதனால் இரண்டு வருஷம் வீணாயிற்று, விரல் மூட்டுகள் இறுகிவிட்டன. இறுகிய மூட்டில் எந்த நாரைத் தைத்தும் பயனில்லை. எண்ணெய் தடவி, மெழுகில் முக்கி இளக்கவே எங்களுக்கு நான்கு மாதம் ஆனது.

நோயாளிகள் குறையக் குறைய இந்த வித்தை தெரிந்தவர்களும் குறைகிறார்கள். அதனால்தான் தனித் தொழுநோய் மருத்துவமனைகளை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்கிறேன். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஒரு சர்ஜனும் ஒரு பிசியோதெரபிஸ்டும் ஜோடியாக இதைப் பழக வேண்டும். விபத்தில் நரம்பு அறுந்து வருபவர்களுக்கும் இதே நார் மாற்றம்தான் உதவுகிறது. அதனால் கை பழக நோயாளிகள் கிடைப்பார்கள்.

விரல் நிமிர்ந்தாலும் உணர்ச்சி திரும்பாது. சூடு தெரியாது, கொப்புளித்த பிறகுதான் கண் பார்க்கும். ஆறு மாதம் கழித்து அந்த டீக்கடைக்குப் போனேன். கிளாஸைத் துணி சுற்றிப் பிடித்து ஆற்றிக்கொண்டிருந்தார்.