யார் வீட்டுப் பணத்தில் முதல் வகுப்பு?

"ஓசி அரிசி தின்று நாடு சோம்பேறியாகிவிட்டது" என்று பேசும் கனவான்களை நாம் கேட்டிருக்கிறோம். ரேஷன் கடை வரிசையில் நடவுக்காரி நின்றால் அவர்களுக்கு வயிறு எரிகிறது. டவுன் பஸ்ஸில் அவள் காசில்லாமல் ஏறினால் நெஞ்சு எரிகிறது. 2022 ஜூலையில் பிரதமர் மோடியே இலவசங்களுக்கு 'ரேவ்டி' என்று பெயர் சூட்டினார். ரேவ்டி என்பது வடநாட்டு எள் மிட்டாய். ஏழைக்கு மிட்டாய் கொடுத்து ஓட்டு வாங்குகிறார்களாம்!

தோழர்களே, அந்தக் கனவான்களில் சிலர் தின்னும் மிட்டாயைப் பற்றி இன்று பேசுவோம்.

ஆகாய விமானத்தில் முதல் வகுப்பு என்று ஒன்று உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2007இல் தன் இரண்டடுக்கு விமானத்தில் கதவு வைத்த தனி அறைகளையே அமைத்தது. பக்கத்துப் பக்கத்து அறைகளைச் சேர்த்தால் இரட்டைக் கட்டில். எமிரேட்ஸ் கம்பெனியின் இரண்டடுக்கு விமானத்தில், நடுவானில் நின்று குளிக்க ஷவர்! கடல் கடந்த நீண்ட பிரயாணத்துக்கு இந்த ஆசனத்தைக் காசு கொடுத்து வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் அந்தக் காசைக் கொடுத்தவர்கள் அல்ல. வரியும் சில்லறைக் கட்டணமும் மட்டும் கட்டி, மீதிக்கு 'மைல்' கொடுத்து ஏறியவர்கள்.

நம் மக்களுக்கும் கடல் பிரயாணம் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் தஞ்சைச் சீமைக்காரர்கள். அந்தக் கப்பலிலும் வகுப்பு இருந்தது. மேலே அறை, நம்மவனுக்கு டெக். பாயும் தகரப் பெட்டியும் அவன் உடைமை. இன்று அவன் பேரன் திருச்சியில் விமானம் ஏறுகிறான். முழங்கால் இடிக்கும் மலிவுக் கட்டண ஆசனம். அதற்கும் கடன் வாங்கிய பணம். வகுப்பு என்ற சொல்லுக்குள்ளே வர்க்கம் ஒளிந்திருப்பதை அவனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சரி, இந்த மைல் என்பது என்ன? 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி ஒரு திட்டம் போட்டது. எங்கள் விமானத்திலேயே திரும்பத் திரும்பப் பறந்தால், பறந்த தூரத்தைக் கணக்கில் வைத்து இலவச டிக்கெட் தருவோம் என்றது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. 1987இல் அதே கம்பெனி ஒரு பாங்கியோடு கூட்டுச் சேர்ந்து கடன் அட்டை வெளியிட்டது. அன்று முதல் பறக்காமலே மைல் சேர்ந்தது. கடையில் அட்டையைத் தேய்த்தால் போதும்.

இங்கேதான் சூட்சுமம். விமானக் கம்பெனி மைலைப் பாங்கிக்கு விற்கிறது. அதை வாங்கப் பாங்கிக்குப் பணம் ஏது? வட்டியும் சந்தாவும் ஒரு பக்கம் இருக்கட்டும். அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரனிடம் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய் பிடிக்கிறார்கள். கடைக்காரன் அதைத் தன் பெட்டியிலிருந்தா கொடுப்பான்? சரக்கின் விலையில் ஏற்றுகிறான். அந்த விலையைத்தான் அட்டைக்காரரும் கொடுக்கிறார், கசங்கிய நோட்டை நீட்டும் கூலிக்காரனும் கொடுக்கிறான். ஆனால் மைல் சேர்வது ஒருவர் கணக்கில் மட்டும்.

இது நம் கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகர மத்திய பாங்கியின் பொருளாதார நிபுணர்கள் 2010இல் கணக்குப் போட்டார்கள். ரொக்கம் கொடுக்கும் குடும்பம் சராசரி ஆண்டுக்கு 149 டாலர் இழக்கிறது. அட்டை வைத்திருக்கும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது என்றார்கள். இங்கே தொகை வேறாக இருக்கலாம். பணம் பாயும் வாய்க்கால் அதேதான். காவிரி மேட்டிலிருந்து கடைமடைக்குப் பாய்கிறது; இந்த வாய்க்கால் கடைமடையிலிருந்து மேட்டுக்குப் பாய்கிறது!

"காலியாகக் கிடக்கும் ஆசனத்தைத்தானே கொடுக்கிறான்? யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பார்கள். வெறும் காலி ஆசனத்தை எவனாவது அடகு பிடிப்பானா? 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை ஈடு வைத்து 600 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கியது. மைல் பணம்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"யார் வேண்டுமானாலும் சேர்க்கலாமே?" என்பார்கள். சம்பளச் சீட்டு இல்லாத கூலிக்காரனுக்கு எந்தப் பாங்கி அட்டை கொடுக்கும்? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் வந்து போகும் தொழிலாளியின் மலிவு டிக்கெட்டுக்குச் சேரும் மைல் எம்மாத்திரம்? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் திட்டத்தில் மூன்றாண்டில் மைல் காலாவதி. ஓர் ஆசனத்துக்கு எத்தனை மைல் என்பதையும் கம்பெனியே நிர்ணயிக்கிறது, வேண்டியபோது கூட்டிக்கொள்கிறது. கூலி அளக்கும் மரக்கால் பண்ணையார் கையில் இருந்த காலத்தை மறந்துவிட்டோமா? முத்திரை மரக்காலில் அளந்து போடு என்று 1940களில் தஞ்சையில் செங்கொடி ஏந்திக் கேட்டார்களே, அந்த மரக்கால்தான் இன்று மைல் என்ற பேரில் வந்திருக்கிறது.

ஒரு நியாயத்தை சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது. சர்க்கார் செலவில் பறக்கும் அதிகாரிக்குச் சேரும் மைல் அவருக்குச் சொந்தமல்ல. அதை இலாகாவின் அடுத்த பிரயாணத்துக்கே செலவிட வேண்டும், சொந்தப் பிரயாணத்துக்கு எடுத்தால் நடவடிக்கை வரும் என்பது மத்திய சர்க்காரின் உத்தரவு. நல்ல விதி. பணம் போட்டவனுக்கே பலன் என்பதுதானே அதன் பொருள்? அப்படியானால் கும்பகோணம் கடைத்தெருவில் ரொக்கம் கொடுத்தவனின் பலன் எங்கே போயிற்று?

அரிசிக்கு வருவோம். 2011இல் விலையில்லா அரிசி வந்தது. 2021இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் வந்தது. இரண்டுக்கும் பட்ஜெட்டில் கணக்கு உண்டு. சட்டசபையில் விவாதம் உண்டு. வேண்டாம் என்றால் ஓட்டுப் போட்டு மாற்ற வழியும் உண்டு. மேலும் அந்த அரிசி யார் விளைவித்தது? வரிசையில் நிற்கும் அவளே சேற்றில் குனிந்து நட்ட நாற்றல்லவா! முதல் வகுப்பு இலவசத்துக்கு எந்தச் சபையில் கணக்கு வைத்தார்கள்?

விமானத்தில் ஏறாதே என்று நாம் யாரையும் தடுக்கவில்லை. நம் பிள்ளைகளும் ஏறட்டும், சாய்ந்து படுக்கட்டும். நாம் கேட்பது நியாயம். யுபிஐ பரிமாற்றத்துக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் 2020 ஜனவரி முதல் கடைக்காரனிடம் கட்டணம் பிடிக்கக்கூடாது என்று மத்திய சர்க்கார் விதித்தது. அது முடியுமானால், கடன் அட்டைச் செலவை அட்டைக்காரரே சுமக்கட்டும் என்று சொல்ல ஏன் முடியாது? ரொக்கம் கொடுப்பவனுக்கு அந்த இரண்டு ரூபாயைக் குறைத்து விற்கட்டும். சர்க்கார் இலாகாக்கள் சேர்த்த மைல் எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள் தோழர்களே! டீக்கடையில் எவராவது ஓசி அரிசி என்று ஆரம்பித்தால் கோபப்படாதீர்கள். "எங்கள் அரிசிக் கணக்கு பட்ஜெட்டில் இருக்கிறது ஐயா, உங்கள் மைல் கணக்கைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.