செயற்கைப் புல்லும் நம் கல்லூரி மைதானமும்

கிரிக்கெட்டுக்குச் செயற்கைப் புல் என்றதும் முகம் சுளிப்போர் உண்டு. மண்ணில் ஆட வேண்டிய ஆட்டத்தைப் பிளாஸ்டிக்கின் மேல் ஆடுவதா என்று கேட்கிறார்கள். வரலாறு படிக்கும் மாணவன் என்ற முறையில் இதற்கு விடை தேடிப் பார்த்தேன்.

முதலில் ஹாக்கியைப் பார்ப்போம். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. அதுவரை ஏழு முறை தங்கம் வென்றிருந்த இந்தியா ஏழாம் இடத்திற்கு இறங்கியது. தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால், புல்லில் பழகிய நம் வீரர்களுக்கு அந்தத் தரை புதிது. அதை விரிக்கும் செலவோ பெரிது. அங்கே செயற்கைத் தரை செல்வ நாடுகளுக்குத் துணை நின்றது.

கிரிக்கெட்டில் நிலைமை தலைகீழ். இங்கே இயற்கை ஆடுகளம்தான் செலவு மிக்கது. 22 கெஜ நீளமும் 10 அடி அகலமும் கொண்ட அந்த நிலத்துக்குத் தகுந்த களிமண் வேண்டும், தண்ணீர் வேண்டும், கனத்த ரோலர் வேண்டும், பக்குவம் அறிந்த பணியாளர் வேண்டும். நம்மிடம் எது உண்டு? மேடுபள்ளத்தில் தேங்காய் நார்ப் பாயை விரித்து, ஓரங்களில் ஆணி அடித்து ஆடுகிறோம். பாய் தளர்ந்தால் பந்து எங்கே எழும் என்று யாருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு பல் உடைந்த என் வகுப்புத் தோழன் அதன்பின் மட்டையைத் தொடவே இல்லை.

சிமெண்டுத் தளத்தின் மேல் ஒட்டிய செயற்கைப் புல்லில் பந்து சீராக எழும். கிரிக்கெட் விதிகளும் இதை விலக்கவில்லை. குறைந்தது 58 அடி நீளமும் 6 அடி அகலமும் வேண்டும் என்று அளவே வகுத்துள்ளன.

குறைகளை மறைக்க வேண்டாம். மண் தேயத் தேயப் பந்து சுழலும் விதத்தை இது கற்றுத் தராது. வெயிலில் கடுமையாகச் சுடும். தேய்ந்தபின் மக்காத குப்பையாகும். ஆகவே மைதானம் முழுவதும் வேண்டாம். வலைப் பயிற்சிக்கு ஒரே ஒரு களம் போதும்.

வசதியுள்ளவன் நல்ல தரையில் ஆடிப் பழகுகிறான். நாமோ பந்துக்கு அஞ்சிப் பழகுகிறோம். திறமையில் நாம் குறைந்தவர்கள் அல்லர், தரைதான் வேறு. இவ்வேற்றுமையை நீக்கப் பேராசிரியப் பெருமக்களும் முன்னாள் மாணவர்களும் மனம் வைக்க வேண்டும். புல் செயற்கையாக இருந்தால் என்ன? அதில் வளரும் ஆட்டம் உண்மையானதே!