பள்ளிக்கும் பணிக்கும் இடையே

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் முதல் எண்ணூர்த் துறைமுகம் வரை உழைப்பால் உயர்ந்த பகுதி வடசென்னை. அங்கு வாழும் மாற்றுத்திறனாளி இளைஞர்க்கு அவ்வுழைப்பில் பங்கு உண்டா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு உடையோர்க்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியையும், அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு ஒதுக்கீட்டையும் உறுதிசெய்கிறது. ஆயினும், பள்ளிக்கும் பணிக்கும் இடைப்பட்ட தொலைவைச் சட்டம் மட்டும் குறைத்துவிடாது. உடன் நடந்து வழிகாட்டும் சிறப்பாசிரியர் வேண்டும். குழுவாகப் பறையிசைத்துப் பழகியவர், பிறரோடு இசைந்து பணியாற்றக் கற்கிறார். நாடகத்தில் பேசிப் பழகியவர் நேர்காணலில் தயங்கார். பிணக்கு நேரின், தண்டியாமல் இருவரையும் பேசவைத்து உறவைச் சீர்செய்வதும் அவ்வாசிரியர் பணியே.

எனினும், தமிழகத்தில் சிறப்பாசிரியர் பலர் தொகுப்பூதியத்திலேயே பணியாற்றுகின்றனர். நிலையற்ற பணியில் இருப்போர், பிறர்க்கு நிலையான வாழ்வை அமைத்துத் தருவது எங்ஙனம்? அவர்தம் பணியை நிலைப்படுத்துவதே நம் முதற்கடமை.