கல்லும் ஏடும் இரு கமராக்களும்

எம் பாடசாலைத் தமிழ் மன்றத்துக்கு ஒரு கமரா வாங்குமாறு பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி மூன்று மாதங்கள் ஆகின்றன. பணம் வந்த கிழமையே கமராவும் வந்திருக்கலாம். வாராமைக்குக் காரணம் யானே. இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். கருவி எதற்கு என்று மாணவரைக் கேட்டேன். "கோட்டை வாயிற் கல்வெட்டையும் ஊரில் எஞ்சிக் கிடக்கும் ஏடுகளையும் படமெடுக்க, ஐயா" என்றனர். வழக்கு எழுத்தைப் பற்றியது என்று ஆனபின் ஒதுங்கி நிற்றல் எமக்கு முறையன்று.

மாணவர் தெரிந்து கொணர்ந்தவை இரண்டு. ஒன்று கெனன் நிறுவனத்தின் பவர்ஷொட் ஜி7 எக்ஸ், மூன்றாம் பதிப்பு. மற்றது ஒலிம்பஸ் டிஜி-6. இரண்டும் 2019 ஆம் ஆண்டில் வெளிவந்தவை, கையடக்கமானவை. ஒலிம்பஸின் கமராத் தொழில் 2021 இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. 2023 இல் ஓஎம் சிஸ்டம் என்னும் பெயரோடு வந்த டிஜி-7 பெரும்பாலும் அதே கருவியே. ஆதலின் ஈண்டுக் கூறுவன அதற்கும் பொருந்தும். விலையை யான் எழுதப்போவதில்லை. 2022 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற எம் நாணயம் சில மாதங்களில் 360 ஐத் தாண்டிச் சரிந்ததைக் கண்டவர், விலையை அச்சிலேற்றத் துணியார். கெனன் கூடிய விலையது என்பது மட்டும் எங்கும் மாறவில்லை.

மாணவர் கையிலிருந்த தாளில் முதலில் நின்றது மெகாபிக்சற் கணக்கு. கெனனுக்கு 20, ஒலிம்பஸுக்கு 12. கணக்கு வாத்தியாரைக் கேட்டால் இருபதே பெரிது என்பார். ஆயினும் கெனன் நிறுவனமே 2008 இல் ஜி10 என்னும் கமராவை 14.7 மெகாபிக்சலோடு வெளியிட்டு, அடுத்த ஆண்டில் வந்த ஜி11 இல் அதனை 10 ஆகக் குறைத்தது. வணிகர் தம் பண்டத்தின் எண்ணைத் தாமே குறைத்துக்கொள்ளுதல் அரிதினும் அரிது. சிறிய நிலத்தில் நாற்றை நெருக்கி நட்டாற்போல, சிறிய உணரியிற் புள்ளிகளை நெருக்கி அடைத்தால், மங்கல் ஒளியில் எடுத்த படம் புழுதி படிந்தது போலாகும். செய்தவரே அதனை உணர்ந்து பின்வாங்கினர்.

ஆகவே புள்ளிகளின் தொகையினும் அவை இருக்கும் பரப்பே நோக்கத்தக்கது. முற்காலத்துப் படச்சுருளின் இடத்தில் இன்று இருக்கும் ஒளியுணரி, கெனனில் 13.2 மில்லிமீற்றர் அகலமும் 8.8 மில்லிமீற்றர் உயரமும் உடையது. ஒலிம்பஸில் அது ஏறத்தாழ 6.2 க்கு 4.6. பரப்பால் முன்னது பின்னதைப்போல் நான்கு மடங்கு. இவ்விடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கெனனின் உணரியை 'ஓரங்குல உணரி' என்று வழங்குகின்றனர். எப்பக்கத்தை அளந்தாலும் ஓரங்குலம் வாராது. மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மில்லிமீற்றர்தான். பழைய தொலைக்காட்சிக் கமராவில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தைக் குறித்த பெயர், குழாய் மறைந்தபின்னும் சில்லின்மேல் ஒட்டிக்கொண்டது. காரணப் பெயராய்ப் பிறந்து, காரணம் இறந்தபின் இடுகுறியாய் உயிர்வாழும் சொற்கள் தமிழிலும் உள. அவற்றை நம்பி யாரும் கடையிற் பணம் கொடுப்பதில்லை.

வில்லையிலும் கெனனே மேல். உருப்பெருக்கத்தின் கடைநிலையில் அதன் வாய் ஒலிம்பஸினதைவிடப் பெரிதாகத் திறந்து, மிக்க ஒளியை உள்ளே விடும். இம்மட்டில் வழக்குத் தீர்ந்தது என்றே மாணவர் கருதினர். யான் தீர்ப்பை ஒத்திவைத்தேன். கடைக்காரர் காட்டும் மாதிரிப் படம் ஒரு பூவாக இருக்கும். அன்றேல் ஒரு முகமாக இருக்கும். எமக்கு வேண்டியது கல்.

நிலாவெளியிலே கடலாடிகளை அழைத்துச் சென்று புறாத்தீவின் பவளப்பாறைகளைப் படமெடுக்கும் அன்பர் ஒருவரிடம் டிஜி-6 இருந்தது. நகரிலுள்ள படப்பிடிப்பாளர் ஒருவரிடம் கெனன் இருந்தது. இரண்டையும் ஒருநாள் இரவல் வாங்கிக்கொண்டு பிரெடரிக் கோட்டைக்குச் சென்றோம்.

அவ்வாயிற் கல்லை அறியாத திருகோணமலையார் இலர். போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். வாயிலிற் சேர்ந்துவிட்ட கல்லில் இணைக்கயல் உருவமும் தமிழ் எழுத்துக்களும் இன்றும் காணலாம். குளக்கோட்டனின் திருப்பணியையும் பறங்கியரால் நேரும் அழிவையும் பேசும் செய்யுள் அது என்பது வழிவழி வரும் கொள்கை. இடையிடையே எழுத்துச் சிதைந்தமையால் அறிஞர் தத்தமக்குத் தோன்றியவாறு நிரப்பினர். ஊரார் நாவில் வழங்கும் பாடத்தில் இருப்பன எல்லாம் கல்லில் இல்லை. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் அடியார் கூட்டமும் ஊர்திகளும் நாள்தோறும் அவ்வாயிலாற் செல்கின்றன. உப்புக்காற்றும் மாரி மழையும் தம் பணியை நிறுத்தவில்லை. இன்று தெரியும் கோடு இன்னும் முப்பது ஆண்டிலும் தெரியும் என்று பிணை நிற்பவர் யாவர்?

முற்பகல் பத்து மணி வெயிலில் இரு கருவிகளும் தோற்றன. கல் வெளுத்தது, எழுத்து ஒளித்துக்கொண்டது. அங்கே படைமுகாம் உள்ளமையால் உரியவரிடம் அனுமதி பெற்று, பொழுது சாய்ந்தபின் முக்காலியை நிறுத்தினோம். மாணவன் ஒருவன் கைமின்விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடித்தான். பள்ளந்தோறும் நிழல் விழ, எழுத்துக்கள் துயிலுணர்ந்தவை போல எழுந்து நின்றன. மறுநாள் இரு படங்களையும் கணினித் திரையில் அருகருகே வைத்து, எது எதனுடையது என்று கூறாமற் காட்டினேன். ஐவரில் மூவர் ஒன்றை நன்றென்றனர். இருவர் மற்றதை நன்றென்றனர்.

நான்கு மடங்கு பெரிய உணரி எங்கே போயிற்று? அதன் பயன், குறைந்த ஒளியில் அசையும் பொருளைக் கணத்திற் பற்றுதல். கல் அசையாது. ஏடும் அசையாது. முக்காலியில் நிறுத்திய கமராவின் கண்ணை ஒரு நொடி திறந்து வைத்தால், சிறிய உணரியும் தனக்கு வேண்டிய ஒளியை ஆறுதலாக வாங்கிக்கொள்ளும். கெனனுக்காகக் கொடுக்கும் மிகைப் பணம் விரைவுக்குக் கொடுக்கும் பணம். பன்னெடுங்காலம் நின்ற கல்லைப் படமெடுக்க எமக்கு விரைவு வேண்டியதில்லை.

எம் பாடசாலையில் நாடகம் பழக்கும் ஆசிரியை இதனை ஒப்பவில்லை. "நவராத்திரியிற் பத்திரகாளி அம்பாள் கும்பவிழாவை அந்தச் சிறிய கருவியால் எடுத்துக் காட்டுங்கள், பார்ப்போம்" என்றார். இரவில், தெருவிளக்கின் ஒளியில், கும்பம் தாங்கி ஆடுவாரை எடுக்கக் கெனனே தக்கது. அவர் சொல்லிற் பிழையில்லை. ஆயின் பணம் அனுப்பியவர் கேட்டது ஆடலையன்று, எழுத்தை.

இனி ஏடு. என் பாட்டனார் வழி வந்த வைத்திய ஏடு ஒன்றை அளந்தேன். நீளம் 40 சென்ரிமீற்றர். எழுத்தின் உயரம் 3 மில்லிமீற்றர். முழு ஓலையையும் ஒரே படத்தில் அடக்கினால், கெனனில் ஓரெழுத்தின் உயரத்துக்கு 41 புள்ளிகள் கிடைக்கும், ஒலிம்பஸில் 30. முப்பதிற் ககரமும் தகரமும் பிரிந்து தெரியும். எழுத்தாணி எங்கே தொடங்கிற்று, எங்கே தயங்கிற்று என்பது தெரியாது. அதே ஓலையை, நடுவில் சிறிது இரண்டிலும் வருமாறு, இடமும் வலமுமாக இரண்டு படங்களாக எடுத்தால் ஒலிம்பஸில் 55 அளவுக்கு ஏறுகின்றது. கெனனாலும் அவ்வாறு எடுக்கலாமே எனின், எடுக்கலாம். ஆனால் இருபதுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள இடைவெளி, பொத்தானை இன்னொருமுறை அழுத்தும் பொறுமைக்கு மேற்பட்டதன்று.

பொறுமையால் ஈடுசெய்ய இயலாத வேறுபாடு ஒன்று உண்டு. கெனன் பொருளுக்கு ஐந்து சென்ரிமீற்றர் வரையே அணுகும், அதுவும் அகலக்கோணத்தில். ஒலிம்பஸ் ஒரு சென்ரிமீற்றர் வரை அணுகிப் பூதக்கண்ணாடி போற் காட்டும். அத்தனை அருகிற் கமராவின் நிழலே ஓலையில் விழும் என்பது அதன் குறை; வில்லையைச் சுற்றி ஒளி தரும் சிறு வளையம் ஒன்றை வேறாக வாங்கவேண்டும்.

இவ்வணுக்கம் எதற்கு என்பதை ஒரு மாணவி எமக்குக் காட்டினாள். தன் கைத்தொலைபேசியில் எடுத்த அதே வைத்திய ஏட்டின் படத்தை வைத்துக்கொண்டு, 'இருபல்வெள்ளுள்ளி' என்று வாசித்தாள். உள்ளிப் பல் இரண்டு என்பது பொருள். ஏட்டெழுத்தாளர் ஓலையைத் துளைத்துவிடும் என்றஞ்சிப் பொதுவாகப் புள்ளியிடுவதில்லை. "லகரத்தின்மேற் புள்ளி எங்கிருந்து வந்தது, பிள்ளாய்?" என்றேன். படத்தைக் காட்டினாள், புள்ளி இருந்தது, அச்சிட்டாற்போல வட்டமாக. ஒலிம்பஸை விரற்கடை தூரத்திற் கொண்டுசென்று நோக்கினோம். விளிம்பில் நார் கிழிந்து நின்றது. பூச்சி அரித்த துளை! அதன் கரடுமுரடைத் தொலைபேசியின் மென்பொருள் வழித்து மெழுகி, அழகிய புள்ளியாக்கி வைத்திருந்தது. புள்ளி போயின் 'இருபலவெள்ளுள்ளி' என்றும் வாசிக்கலாம்; இரண்டு பல எடை, அஃதாவது ஏறத்தாழ 70 கிராம். அடுத்த வரிகளில் வரும் சரக்குகள் யாவும் பலக் கணக்கிலேயே நிற்றலின் யான் பின்னதையே கொள்வேன். கமரா பாடத்தைத் தீர்க்கவில்லை. பொய்ச்சான்று ஒன்றை விலக்கிற்று.

இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிடற்க. 2013 ஆம் ஆண்டில் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கணினி அறிஞர், பெயர்பெற்ற நகலெடுக்கும் பொறிகள் சில 6 என்னும் இலக்கத்தை 8 ஆக மாற்றித் தருதலைக் கண்டு வெளியிட்டார். ஒன்றையொன்று ஒத்த உருவங்களை ஒன்றெனக் கொண்டு இடத்தை மிச்சப்படுத்தும் முறையால் விளைந்த பிழை அது. ஏடு பெயர்த்தெழுதியோரும் பிழைத்தனர். அவர் பிழை பெரும்பாலும் தடுமாற்றமாகக் கண்ணிற்படும். பொறியின் பிழையோ மெய்யினும் தெளிவாக இருக்கின்றது. ஆதலின் எக்கருவியை வாங்கினும், உணரி பெற்றதை மெருகின்றி அப்படியே சேமிக்கும் மூலக்கோப்பு வசதி இருத்தல் வேண்டும். இவ்விரண்டிலும் அது உண்டு. விலை குறைந்த கமராக்கள் பலவற்றில் இல்லை. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடங்காணல் எம்மூர்க்குப் புதிதன்று. சென்னையிற் சுவடி நூலகத்திற் பணிபுரிந்து, 1895 இல் 'மோகனாங்கி'யை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும், அவர் உடன்பிறந்தாரான பதிப்பாசிரியர் கனகசுந்தரம்பிள்ளையும் திருகோணமலையார் அல்லரோ!

எஞ்சியது ஊரின் இயல்பு. முப்புறமும் கடல் சூழ்ந்த இந்நகரில் உப்பு தொடாத பொருள் இல்லை. கெனனின் வில்லைக்குழல் நீண்டு சுருங்குந்தோறும் வெளிக்காற்றை உள்ளிழுக்கும். வாடைக்காலத்து ஈரம் கண்ணாடியிற் பூஞ்சணமாய்ப் படரும். ஒலிம்பஸின் வில்லை உடலுக்குள்ளேயே இயங்குவது; 15 மீற்றர் ஆழத்து நீரையும் இரண்டு மீற்றர் உயரத்து வீழ்ச்சியையும் தாங்குவது. பதினாறு வயதினர் கையிற் கொடுக்கும் கருவிக்கு இவ்விரண்டாம் தகுதி முதற்றகுதியாகும். 15 மீற்றர் என்றதும் ஒருவன் துள்ளினான். 1956 இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் சுவாமிமலைக்குக் கீழே கடலடியிற் கோயிற் சிதைவுகளைக் கண்டனர். கிளார்க் அடுத்த ஆண்டிலேயே அதனை நூலாக்கினார். அத்தூண்களை நாமும் எடுக்கலாமே என்பது அவன் ஆசை. பயிற்சியும் அனுமதியும் இன்றி ஒருவரும் அப்பாறையடியில் இறங்கலாகாது என்று தடுத்துவிட்டேன். அவன் முகம் இன்னும் தெளியவில்லை.

ஒலிம்பஸ் இனத்தையே வாங்குவதென்று சென்ற வெள்ளிக்கிழமை மன்றம் முடிவு செய்தது. நாடக ஆசிரியையின் மாற்றுக் கருத்தும் கூட்டக்குறிப்பில் இடம்பெற்றது. மிஞ்சும் பணத்தில் ஒரு நல்ல முக்காலி, இரண்டு கைமின்விளக்கு, படத்தில் ஓரமாக வைக்க ஓர் அளவுகோல், படங்களைத் தனித்தனி இடங்களில் வைத்துக் காக்க இரண்டு சேமிப்புப் பேழைகள். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த ஏடுகளுக்கும், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இக்கரையில் வாரிக்கொண்டு போனவற்றுக்கும் இரண்டாம் படி இருந்திருப்பின் என்று எண்ணாத நாள் எனக்கில்லை.

பரணிலும் பெட்டகத்திலும் ஏடு வைத்திருக்கும் அன்பர்கள் பாடசாலை வழியாக எமக்கு ஒரு சொல் அனுப்புவாராக. நாமே இல்லம் வந்து எடுப்போம். ஏடு உம் வாயிற்படியைத் தாண்டாது. நாம் வருமுன் துடைக்கவும் வேண்டா, எண்ணெய் பூசவும் வேண்டா; தூசி படிந்தவாறே இருக்கட்டும்.