பிளக்-இன் கேட்காத பாடம்

2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்வி அலைவரிசையான கைட் விக்டர்ஸ், கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த நேரத்தில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. சித்தூர், தேவிகுளம் பக்கத்துத் தமிழ்வழி மாணவர்களுக்கும் பாடங்கள் யூடியூபில் கிடைத்தன. மூணாறு தோட்டப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டுக்கு நடந்தார்கள். ஆனால் சிக்னல் வந்துவிட்டால் சாதாரண ஸ்மார்ட்போனிலேயே பாடம் ஓடியது; தனியாக எதையும் நிறுவச் சொல்லவில்லை.

அதற்குப் பத்தாண்டுக்கு முன் இது நடந்திருக்காது.

அன்று இணையத்தில் படம் அசைய வேண்டுமென்றால் பெரும்பாலும் அடோபியின் ஃபிளாஷ்தான்; உலாவியோடு தனியாக நிறுவ வேண்டிய துணைமென்பொருள், அதாவது பிளக்-இன், அது. உலாவிகளால் முடியாததை அது செய்து காட்டியது உண்மை. அது இல்லாத கணினியிலோ, பாடம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டமும் ‘பிளக்-இன் தேவை’ என்ற வரியும்தான். ஐபோன் அதை ஏற்கவே இல்லை. 2014இல், பிளக்-இன் இல்லாமலே உலாவியில் காணொளி ஓட வழிசெய்யும் எச்டிஎம்எல்5 தரநிலையானது. மறு ஆண்டே யூடியூப் அதற்கு மாறியது. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியபோது, அதில் மட்டுமே செய்த பாடங்கள் உலகெங்கும் முடங்கின.

பாடத்தை ஒரே வடிவத்துக்குள் பூட்டிவைக்கும் அதே தவறு இன்று வேறு உருவில் வருகிறது: ஸ்கேன் செய்து படமாகப் போட்ட சுற்றறிக்கை, ஒரு செயலியில் மட்டும் திறக்கும் பாடம். எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கான பாடங்களை யூனிகோடு எழுத்திலும், எந்த உலாவியிலும் ஓடும் காணொளியிலும்தான் வெளியிட வேண்டும் என்று கேரளக் கல்வித்துறை விதியாகவே வைக்கலாம்.